கருப்பட்டி வாங்கிய ஆச்சியும் காணாமற்போன பதிலும்

ஏரலுக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணி கடலைத் தேடிப் போகிற வழியில் இருக்கிறது அந்த ஊர். பாண்டியர்களின் முத்துத் துறையாக இருந்த கொற்கை பக்கத்திலேதான். இன்று கொற்கையிலே கடலும் இல்லை, கப்பலும் இல்லை. வாழையும் நெல்லும் இருக்கின்றன. ஏரலிலோ கடைத்தெரு இருக்கிறது. சுற்றுவட்டாரத்துக் கிராமங்களுக்கெல்லாம் உப்பு முதல் கல்யாணப் பட்டு வரை அங்கேதான். அத்துடன் சேர்மன் அருணாசல சுவாமி கோயில். சேர்மனாக இருந்த ஒரு மனிதரையே சாமியாகக் கும்பிடுகிற ஊர் தமிழ்நாட்டில் வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைய சேர்மன்கள் இதைப் படித்துவிட்டு வீண் ஆசை வைத்துக்கொள்ள வேண்டாம்!

2025 ஆடி அமாவாசைக்கு நான் அங்கே போயிருந்தேன். ஆற்றிலே முழுக்குப் போட்டவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள், வருகிறவர்கள் என்று தெரு முழுவதும் தலைகள். கூட்டத்துக்குத் தப்பி ஒரு பலசரக்குக் கடையில் ஒதுங்கினேன். உடன்குடிக் கருப்பட்டி வாங்க வேண்டும் என்று வீட்டிலே உத்தரவு. எனக்கு முன்னால் ஓர் ஆச்சி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் பள்ளிக்கூடம் படிக்கிற பேத்தி. கருப்பட்டி, சுக்கு, நல்லெண்ணெய் எல்லாமாகச் சேர்ந்து 640 ரூபாய். கல்லாவுக்கு முன்னால் இருந்த அட்டையைப் பேத்தி கைபேசியால் படம் பிடித்தாள். ஆச்சி திரும்பி நின்று ரகசிய எண்ணைத் தாமே குத்தினார். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஆச்சி, பணம் வரலியே" என்றார் கடைக்காரர். பணம் வந்தால் உரக்கக் கூவுகிற ஸ்பீக்கர் பெட்டி வாயைத் திறக்கவில்லை.

"வரலியா? கணக்குலே பணம் கழிஞ்சிட்டுன்னு மெசேஜ் வந்திருக்குன்னு பிள்ள சொல்லுதாளே! அறுநூத்து நாப்பது ரூவாயும் ஆத்தோடயா போயிட்டு?"

பஸ் புறப்பட ஹாரன் அடிக்கிறது. ஆச்சியின் கையில் வேறு பணம் இல்லை. இருந்தாலும் மறுபடி கொடுப்பானேன்? கடைக்காரருக்கோ பெட்டி கூவவில்லை, சரக்கைக் கொடுப்பானேன்? இரண்டு பேரும் யோக்கியர்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. நடுவிலே பணம் எங்கே?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டு நான் போன பாதையைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். கணினிச் சங்கதி என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டுப் பணம் தினமும் போகிற பாதை இது.

சில வருஷங்களுக்கு முன்னால் இதே மாதிரிக் கடைகளின் கல்லாவைப் பார்த்திருப்பீர்கள். பேடிஎம் அட்டை ஒன்று, போன்பே அட்டை ஒன்று, கூகுள் பே அட்டை ஒன்று, வங்கிக்காரர் கொண்டுவந்து ஒட்டிய அட்டை இன்னொன்று. நவராத்திரிக் கொலு தோற்றது! வாடிக்கைக்காரர் எந்தக் கட்சியோ அந்த அட்டையை நீட்ட வேண்டும். ராத்திரி கணக்கு முடிக்கும்போது நான்கு இடத்தில் பார்த்துக் கூட்ட வேண்டும்.

தென்பாண்டிச் சீமைக்கு இது புதிதல்ல. மேற்கே மலையைத் தாண்டினால் திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே சக்கரமும் காசும். இங்கே சர்க்கார் ரூபாயும் அணாவும். சமஸ்தானத்து ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28 சக்கரமும் 8 காசும். இரண்டு பக்கமும் வியாபாரம் செய்தவர் இரண்டு கணக்கையும் மனசிலே வைத்திருக்க வேண்டும். அந்த அரைச் சக்கர வித்தியாசத்திலே லாபம் பார்த்தவர்களும் உண்டு, முதலை விட்டவர்களும் உண்டு. தூத்துக்குடியில் 1921-ல் தொடங்கிய நாடார் வங்கி பின்னாளில் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறி இன்றும் நடக்கிறது. வியாபாரிகள் தங்களுக்கென்று ஒரு வங்கி வைத்துக்கொண்டதற்குக் காரணம், பணம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போவது சுலபமாக இருக்கவில்லை என்பதுதான். அவரவர் வங்கி, அவரவர் புத்தகம், அவரவர் பாஷை.

இந்தப் பாஷைகளையெல்லாம் ஒன்றாக்குவதற்கு ஏற்பட்டதுதான் யு.பி.ஐ. ரிசர்வ் வங்கியும் வங்கிகள் சங்கமும் முயன்று 2008-ல் ஏற்படுத்திய தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் இதை நடத்துகிறது. 2016 ஏப்ரல் 11-ம் தேதி, 21 வங்கிகளை வைத்துக்கொண்டு வெள்ளோட்டம் விட்டார்கள். அப்போது ரிசர்வ் வங்கிக் கவர்னராக இருந்தவர் ரகுராம் ராஜன். அதிலே இருந்த சூட்சுமம் இவ்வளவுதான்: உங்கள் கைபேசியில் எந்தக் கம்பெனியின் செயலி இருந்தாலும் சரி, உங்கள் கணக்கு எந்த வங்கியில் இருந்தாலும் சரி, எல்லோரும் பேச வேண்டிய பேச்சு ஒன்றே. இன்னாரிடமிருந்து இன்னாருக்கு இவ்வளவு. இதை எந்த வரிசையில், எந்த வார்த்தையில் சொல்ல வேண்டும் என்று கழகம் விதி வைத்துவிட்டது.

ஆனாலும் அட்டைகள் உடனே குறைந்துவிடவில்லை. கம்பெனிகள் தங்கள் செயலிக்கு மட்டுமே புரிகிற அட்டைகளையும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தன. 2020 அக்டோபர் 22-ம் தேதி ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது: தனக்கு மட்டும் புரிகிற புது அட்டையை இனி எவரும் வெளியிடக் கூடாது; ஏற்கெனவே இருப்பவற்றை 2022 மார்ச் 31-க்குள் எல்லோருக்கும் புரியும்படி மாற்ற வேண்டும். ஏரல் கடையில் இன்று ஒரே அட்டை போதுமாக இருப்பது இப்படித்தான். 2025 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் யு.பி.ஐ. வழியாக 2,000 கோடி தடவைக்கு மேல் பணம் கைமாறியிருக்கிறது. ஆச்சியின் 640 ரூபாய் அதற்கு முந்தின மாதத்துக் கணக்கு.

அட்டை ஒன்றாகிவிட்டது. அதற்குப் பின்னால் இருக்கிற கைகள் ஒன்றாகிவிட்டனவா? அதுதான் இல்லை.

ஆச்சி ரகசிய எண்ணைக் குத்தியதும் என்ன நடந்தது என்று பாருங்கள். பேத்தியின் செயலி அதைத் தனக்குப் பின்னால் நிற்கிற ஒரு வங்கியிடம் கொடுக்கிறது. அந்த வங்கி கழகத்திடம் கொடுக்கிறது. கழகம் ஆச்சியின் வங்கியைக் கூப்பிட்டு, 640 ரூபாயைக் கழி என்கிறது. "கழித்தாயிற்று" என்று பதில் வருகிறது. உடனே கழகம் கடைக்காரரின் வங்கியைக் கூப்பிட்டு, 640 ரூபாயைச் சேர் என்கிறது. "சேர்த்தாயிற்று" என்று பதில் வந்ததும் இரண்டு பக்கமும் தண்டோரா. இத்தனையும் நீங்கள் ஒரு வெற்றிலையைக் காம்பு கிள்ளி மடிப்பதற்குள் முடிந்துவிடுகிறது. ஆத்தூர் வெற்றிலைக்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இதிலே ஒரு கை பதில் சொல்லாமல் மௌனம் சாதித்தால்? அன்றைக்கு நடந்தது அதுதான். கழித்தவர் கழித்துவிட்டார். சேர்க்க வேண்டியவர் சேர்த்தாரா, இல்லையா? சேர்த்துவிட்டுச் சொல்ல மறந்தாரா? சேர்க்கவே இல்லையா? வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். வட்டம் சுற்றும்.

இந்த ஓர் இடத்திலேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. 'இல்லை' என்பது ஒரு பதில். 'தெரியவில்லை' என்பது வேறொரு பதில். நாம் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறோம். மென்பொருள் எழுதுகிறவர்களிலேயே பலர் அப்படி நினைத்துக் கெடுத்துவிடுகிறார்கள் என்று இந்தத் தொழிலில் இருக்கிற என் சிநேகிதர் ஒருவர் சொன்னார். அவர் சொன்னதைக் கேட்டால் உங்களுக்கும் தூக்கம் கெடும்.

வீட்டிலிருந்தபடி ஆன்லைனில் சாமான் வாங்குகிறீர்கள் அல்லவா? தூத்துக்குடி மக்ரூன் விற்கிற ஒரு கடைக்காரர், லண்டனில் இருக்கிற ஊர்க்காரர்களும் வாங்கட்டும் என்று ஓர் இணையக் கடை திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பணம் வசூலித்துத் தர ஒரு கம்பெனியை அமர்த்துகிறார். தீபாவளி சமயம் பார்த்து அந்தக் கம்பெனி படுத்துவிடுகிறது. ஆகையால் இரண்டாவது கம்பெனியையும் அமர்த்துகிறார். வெளிநாட்டு அட்டைகளுக்கு மூன்றாவது ஒன்று. இப்போது ஆரம்பிக்கிறது தமாஷ். ஒரு கம்பெனி தொகையைப் பைசாவில் கேட்கும். இன்னொன்று ரூபாயில் கேட்கும். ஒன்றுக்குச் சொல்ல வேண்டியதை மற்றொன்றுக்குச் சொன்னால், ஐந்நூறு ரூபாய் மக்ரூனுக்கு ஐந்து ரூபாய் வசூலாகும். அல்லது ஐம்பதாயிரம் கேட்கும்! பணம் வந்ததற்கு ஒருவர் 'பிடித்தாயிற்று' என்பார். ஒருவர் 'செலுத்தப்பட்டது' என்பார். இன்னொருவர் 'வெற்றி' என்பார், தேர்தலில் ஜெயித்த மாதிரி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நிரல் எழுதிக்கொண்டிருந்தால் மக்ரூன் சுடுவது யார்?

அந்தக் காலத்தில் சோழமண்டலக் கரையில் கப்பல் வியாபாரம் செய்தவர்கள் இதற்கு ஓர் உபாயம் வைத்திருந்தார்கள். துபாஷி. புதுச்சேரியில் கவர்னர் டூப்ளேயிடம் துபாஷாக இருந்து நாட்குறிப்பு எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளையை நீங்கள் அறிவீர்கள். வெள்ளைக்காரனுக்கு நெசவாளியின் பேச்சுத் தெரிய வேண்டியதில்லை. நெசவாளிக்குப் பிரெஞ்சு தெரிய வேண்டியதில்லை. துபாஷிக்கு இரண்டும் தெரிந்தால் போதும். அதேபோல இணையக் கடைக்காரருக்கும் பணக் கம்பெனிகளுக்கும் நடுவில் ஒரு மென்பொருளை நிறுத்துகிறார்கள். கடைக்காரர் ஒரே பாஷையில், ஒரே வாசலில், "ஐந்நூறு ரூபாய் வாங்கித் தா" என்கிறார். எந்தக் கம்பெனி இப்போது ஆரோக்கியமாக இருக்கிறது, எதற்குக் கூலி குறைவு, எதன் பாஷை என்ன என்பதெல்லாம் துபாஷியின் கவலை. ஒன்று கைவிட்டால் இன்னொன்றிடம் போவதும் அவன் பொறுப்பு.

ரயில் டிக்கட் வாங்கும்போது பணம் கட்டுகிற பக்கத்தில் வரிசையாகப் பல பெயர்கள் வருகின்றன, எதைத் தொடுவது என்று விழிக்கிறோமே, அங்கே துபாஷி வேலையை நம் தலையிலேயே கட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல்தான் தூக்கம் கெடுகிற இடம். முதல் கம்பெனியிடம் ஐந்நூறு ரூபாய் கேட்டாயிற்று. பதில் இல்லை. அரை நிமிஷம் ஆயிற்று. இன்னும் பதில் இல்லை. சுறுசுறுப்பான துபாஷி என்ன செய்வான்? இவன் உதவ மாட்டான் என்று இரண்டாவது கம்பெனியிடம் ஓடுவான். அது உடனே ஐந்நூறு ரூபாயை வசூலித்துக் கொடுத்துவிடும். இவன் மீசையை முறுக்கிக்கொள்ளும் சமயத்தில் முதல் கம்பெனியிடமிருந்து பதில் வரும்: "வசூலித்தாயிற்று." லண்டன் ஊர்க்காரர் ஒரு பெட்டி மக்ரூனுக்கு இரண்டு பெட்டிப் பணம் கொடுத்திருக்கிறார்!

இதற்கு மருந்து உண்டா என்றால், பாதி மருந்து உண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சீட்டு எண் போடுகிறார்கள். அதே எண்ணோடு பத்துத் தடவை கேட்டாலும், "இதை ஏற்கெனவே செய்தாயிற்று" என்று கம்பெனி முதல் பதிலையே திருப்பிக் கொடுக்கும். இரண்டாம் தடவை பணம் எடுக்காது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் அந்தச் சீட்டு எண் அந்த ஒரு கம்பெனிக்குள்தான் செல்லும். பக்கத்துக் கம்பெனிக்கு அந்த எண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆகவே நல்ல துபாஷிக்கு அடையாளம் வேகமாக ஓடுவது அல்ல என்றார் என் சிநேகிதர். 'இல்லை' என்று வாயைத் திறந்து சொன்னவனிடமிருந்துதான் அடுத்தவனிடம் போகலாம். 'தெரியவில்லை' என்று நிற்பவனிடம், "அந்தச் சீட்டு என்ன ஆயிற்று?" என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கால் எடுத்து வைக்க வேண்டும்.

அப்படியானால் கேட்டுக்கொண்டே இருக்கலாம் அல்லவா என்பீர்கள். அதிலும் ஒரு கதை நடந்தது. 2025 ஏப்ரல் 12-ம் தேதி, சனிக்கிழமை, நாடு முழுவதும் யு.பி.ஐ. மணிக்கணக்கில் தடுமாறியது. டீக்கடையில் டீ குடித்தவர்கள் கடன்காரர்கள் ஆனார்கள். காரணத்தை ஆராய்ந்து கழகம் சொன்னது என்ன தெரியுமா? சில வங்கிகள், "அந்தச் சீட்டு என்ன ஆயிற்று, என்ன ஆயிற்று" என்று பழைய சீட்டுகளைப் பற்றிக்கூட ஓயாமல் கேட்டுக் கேட்டு வாசலை அடைத்துவிட்டனவாம். ரேஷன் கடையில் சர்க்கரை வந்துவிட்டதா என்று ஊரே வரிசையில் நின்று கேட்டால், சர்க்கரை போடுவது எப்படி? அதற்குப் பிறகு, 2025 ஆகஸ்டு முதல், ஒரு சீட்டைப் பற்றி மூன்று தடவைக்கு மேல் கேட்கக் கூடாது, ஒவ்வொரு தடவைக்கும் நடுவே 90 விநாடியாவது பொறுக்க வேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது.

ஒரே வாசல் என்பதில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. வாசற்காவலன் யார்? துபாஷிகள் பலர் தங்கள் எஜமானர்களைவிடப் பெரிய பணக்காரர்களானது உங்களுக்குத் தெரிந்த சரித்திரம். பெங்களூரில் 2012-ல் தொடங்கிய ஜஸ்பே என்ற கம்பெனி பெரிய இணையக் கடைகளுக்கு இந்தத் துபாஷி வேலையைச் செய்து வந்தது. 2024-ல் தானே பணம் வசூலித்துத் தரவும் ரிசர்வ் வங்கியிடம் அனுமதி பெற்றது. 2025 தொடக்கத்தில் ரேஸர்பே, போன்பே, கேஷ்ஃப்ரீ ஆகிய பணக் கம்பெனிகள், இனி நடுவில் ஆள் வைத்துக்கொண்டு எங்களிடம் வர வேண்டாம், நேரே வாருங்கள் என்று கடைக்காரர்களிடம் சொல்லிவிட்டன. நேற்று வரை மொழிபெயர்த்துக் கொடுத்தவன் இன்று எதிர்க் கடை போட்டால் மனசு பொறுக்குமா? ஜஸ்பே தன் ஹைப்பர்ஸ்விட்ச் என்ற துபாஷி மென்பொருளை, எவரும் எடுத்துத் தங்கள் சொந்தக் கணினியிலேயே ஓட்டிக்கொள்ளலாம் என்று மூலநிரலோடு வெளியிட்டிருக்கிறது. துபாஷியை வாடகைக்கு அமர்த்தாமல் வீட்டுப் பிள்ளையாகவே வளர்த்துக்கொள்ளலாம் என்பது அதன் அர்த்தம். பிள்ளை வளர்ப்பதில் உள்ள செலவும் தூக்கமில்லாத ராத்திரிகளும் தனி.

யு.பி.ஐ.யிலும் இந்தக் கவலை இல்லாமல் இல்லை. பாஷை பொது, ஆனால் பேசுகிற வாய்கள் இரண்டு மூன்றுதான். பெரும்பாலான பணம் போன்பே, கூகுள் பே என்ற இரண்டு செயலிகள் வழியாகவே போகிறது. எந்த ஒரு செயலியும் மொத்தத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2020-லேயே கழகம் சொல்லிப் பார்த்தது. கெடு நீண்டுகொண்டே போய், 2024 கடைசியில் மறுபடியும் நீட்டி, 2026 டிசம்பர் என்றார்கள். மாமியார் வீட்டுக்குப் போன மாப்பிள்ளையைக் கிளப்புகிற மாதிரிதான்.

ஏரல்காரர்களுக்கு இந்தப் பாடத்தை வேறு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை அவர்கள் மறக்கவில்லை. பக்கத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்தின் நடுவே நின்றுவிட்டது. தாமிரபரணி ஏரல் கடைத்தெருவுக்குள் வந்தது. பாலம் சேதப்பட்டு ஊர் துண்டானது. மின்சாரமும் இல்லை; கைபேசிக் கோபுரங்களும் வாயடைத்துப்போயின. அட்டை சுவரிலேயே இருந்தது. அதைப் படிக்கத்தான் வழியில்லை. அந்த நாட்களில் அரிசியும் தீப்பெட்டியும் எப்படிக் கொடுத்தீர்கள் என்று நான் கடைக்காரரைக் கேட்டேன்.

"எப்படிக் குடுக்கது? கடைக்குள்ள இடுப்பளவு தண்ணி. மச்சுலே ஏத்தினது கொஞ்சம் மிஞ்சிச்சு. வந்தவங்களுக்கெல்லாம் குடுத்தேன். நோட்டு நனைஞ்சிட்டு, அதனாலே காலண்டர் தாள்லே எழுதி வச்சேன், அண்ணாச்சி. முக்கால்வாசி வந்துட்டு. மீதி வந்தா வரும்."

அவர் அதைச் சொன்ன விதத்தில், பெரிய விஷயம் செய்துவிட்டதாக ஒன்றும் இல்லை. எந்தச் சீட்டு என்ன ஆயிற்று என்பதை அந்தக் காலண்டர் தாள் அறியும். அவ்வளவுதான்.

ஆச்சியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு எங்கேயோ போய்விட்டேனே! அன்றைக்குக் கடைக்காரர் அரை நிமிஷம் யோசித்தார். பேத்தியின் கைபேசியை வாங்கிப் பார்த்தார். அதிலே இருந்த 12 இலக்க எண்ணைத் தன் நோட்டில் எழுதினார். பக்கத்தில் ஆச்சியின் ஊர்ப் பெயர். "சாமானைக் கொண்டு போங்க ஆச்சி. பணம் ஒண்ணு எனக்கு வரும், இல்லே உங்களுக்கே திரும்பும். உங்களுக்குத் திரும்பினா அடுத்த தடவை வரும்போது தாங்க" என்றார்.

அவர் சொன்னது வெறும் தைரியம் அல்ல, சட்டமும் அதுதான். நீங்களும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-ம் தேதி போட்ட உத்தரவின்படி, யு.பி.ஐ.யில் கடைக்காரருக்குக் கட்டிய பணம் உங்கள் கணக்கில் கழிந்து, கடைக்கு உறுதி வராமல் போனால், அன்றிலிருந்து ஐந்து நாட்களுக்குள் அது தானாகவே திரும்பிவிட வேண்டும். தனி மனிதருக்கு அனுப்பியது போய்ச் சேரவில்லையென்றால் மறுநாளே திரும்ப வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் நஷ்டஈடு. நீங்கள் கேட்காமலே கொடுக்க வேண்டும் என்பது விதி. கேட்காமல் கொடுக்கிறார்களா என்று என்னைக் கேட்காதீர்கள்! அந்த 12 இலக்க எண்ணை மட்டும் அழித்துவிடாமல் வைத்திருங்கள். செயலியிலேயே புகார் செய்யும் இடம் உண்டு. அங்கே மசியாவிட்டால் உங்கள் வங்கி. கைபேசியில் யாராவது கூப்பிட்டு, "உங்கள் பணத்தைத் திருப்பித் தருகிறேன், ரகசிய எண்ணைக் குத்துங்கள்" என்றால் உடனே வைத்துவிடுங்கள். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. பணம் கொடுப்பதற்குத்தான் அது.

முக்கியமாக, வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்போது அவசரப்பட்டு இன்னொரு செயலியைத் திறந்து மறுபடி பணம் அனுப்பாதீர்கள். அப்போது நீங்களே அந்தச் சுறுசுறுப்பான துபாஷி ஆகிவிடுவீர்கள்.

ஊர் திரும்பி நாலைந்து நாள் கழித்து எனக்குப் பொறுக்கவில்லை. கருப்பட்டிப் பொட்டலத்தில் அச்சடித்திருந்த எண்ணைப் பார்த்துக் கடைக்காரரைக் கூப்பிட்டேன்.

"ஆச்சி பணமா? மறுநா காலையிலேயே எங்கணக்குலே வந்து விழுந்துட்டு, அண்ணாச்சி" என்றார்.

"அப்பாடா! சந்தோஷம்" என்றேன்.

"எங்க சந்தோஷம்? ஆச்சிக்கு ராத்திரி பூரா தூக்கம் வரலியாம். கடைக்காரன் பிள்ளைகுட்டிக்காரன், அவன் காசு நமக்கு எதுக்குன்னு, விடியக்காலத்துலே முதல் பஸ் கண்டக்டர்ட்ட அறுநூத்து நாப்பது ரூவாயையும் ரொக்கமா குடுத்துவிட்டுட்டாக. பெட்டி கூவின அரை மணி நேரத்துலே கண்டக்டர் வந்து நிக்காரு. இப்ப எங்கையிலே ரெண்டு பணம் இருக்கு."

"ஐயையோ! என்ன செய்தீர்கள்?"

"கவர்லே போட்டு ஆச்சி ஊர்ப் பேரை எழுதி வச்சிருக்கேன். அந்தக் கண்டக்டருக்கு ரெண்டு நாளா லீவு. நாளைக்கு டூட்டிக்கு வந்துருவாருன்னு சொன்னாங்க."